நோன்பு விட்ட வருஷத்துப் படபடப்பு

என் கடையில் அறுவடை மெஷினுக்கு வேண்டிய பெல்ட், பேரிங், ஹோஸ் எல்லாம் கிடைக்கும். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எந்த வயலில் மெஷின் நின்றுபோனாலும் டிரைவர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவான். போனை மெஷின் பக்கத்தில் பிடிக்கச் சொல்வேன். சத்தத்தைக் கேட்டே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையை எதற்குக் குறைத்துச் சொல்ல வேண்டும்? அப்படிப்பட்டவனுக்குத் தன் நெஞ்சுக்குள்ளே கேட்ட சத்தம் மட்டும் என்னவென்று பிடிபடவில்லை.

சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு முற்பகலில் மேல் தட்டிலிருந்து பேரிங் பெட்டியை இறக்கினேன். நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அடுத்த துடிப்பு பலமாக வந்து இடித்தது. பிறகு தேய்ந்த பெல்ட் நழுவுகிற மாதிரி கொஞ்ச நேரம் படபடவென்று அடித்துக்கொண்டு, தானாகவே அடங்கிவிட்டது. நான் பெட்டியைக் கல்லாவில் வைத்துவிட்டு ஒரு டீ சொன்னேன். எதற்கும் டீ சொல்வது என் வழக்கம்.

அறுப்புக் காலத்தில் என் சாப்பாடு எப்படி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் ஒன்றும் கிடையாது. வெள்ளென மெஷின்காரர்கள் வந்து நிற்கும்போது இட்லிக்கு முன்னால் யார் உட்காருவது? டீ மட்டும் வந்துகொண்டே இருக்கும். டீயை நான் ஆகாரம் என்றே நம்பியிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போய், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சோற்றை ஒரு கட்டு கட்டிவிட்டு மல்லாந்துவிடுவேன். மல்லாந்த உடனே நெஞ்சு மறுபடி படபடக்கும். பசித்தாலும் அடிக்கிறது, சாப்பிட்டாலும் அடிக்கிறது, அப்புறம் சாப்பாட்டைக் குறை சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி விடவில்லை. தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதய டாக்டர் ஒரு பெண், சின்ன வயது. மார்பில் ஒயர்களை ஒட்டி, ஒரு நாள் முழுக்கச் சுமக்கும்படி சின்ன மெஷின் ஒன்றைக் கட்டி அனுப்பினார். மறுநாள் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஹார்ட்ல பழுது ஒண்ணும் தெரியல சார். நடுநடுவுல எக்ஸ்ட்ராவா ஒரு துடிப்பு வருது, அவ்வளவுதான். ஆனா எப்ப வருதுன்னு பாருங்க. ரொம்ப நேரம் வெறும் வயித்துல இருக்கும்போது கூடுது. அப்புறம் ஒரேயடியா சாப்பிட்டவுடனே கூடுது. பசிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். உங்க விஷயத்துல சம்பந்தம் இருக்குற மாதிரிதான் தெரியுது."

"என்ன செய்யணும்?"

"கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடணும். தண்ணி நிறைய குடிக்கணும். டீயைக் குறைக்கணும். காலையில சாப்பிட்டுட்டு ஒரு மாத்திரை." பேனாவை மூடிவிட்டு என் தொப்பியைப் பார்த்தார். "நோன்பு வருதுல்ல? இந்த வருஷம் வேணாம் சார். இது அடங்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பு விட்டவன் இல்லை நான். ரமலான் சித்திரையில் வந்த வருஷங்களில், கடையில் இரும்பைத் தொட்டால் கை கொப்பளிக்கும் வெயிலிலும் நாக்கை நனைக்காமல் வியாபாரம் செய்திருக்கிறேன். நேற்று வந்த மெஷின் எனக்கு நோன்பு கூடாது என்று சொல்வதா? ஊருக்கு வந்ததும் நேரே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். டாக்டர் சொன்னதை அவர் தப்பு என்று சொல்லிவிடுவார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "டாக்டர் வேண்டாம்னு சொன்ன பிறகு எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? நோயாளிக்குச் சலுகை இருக்கு. நோன்புக்குப் பகரமா ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுங்க. குணமானா பின்னால வச்சுக்குங்க. கொடுத்த சலுகையைத் தள்ளுறதுக்குப் பேரு பக்தி இல்ல பாய், வீம்பு."

வாசலில் நின்றிருந்த மனைவி, "ரெண்டு பேரும் சொல்லியாச்சு. மூணாவது ஆளைத் தேடிப் போகாதீங்க" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை: நான் நோன்பு இல்லை என்பது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் தெருவில் நோன்பு என்றால் என் பேரைத்தான் சொல்வார்கள். தெருமுனை டீக்கடையில் ரமலான் மாதம் பூராவும் படுதா தொங்கும். நோன்பு இல்லாதவர்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். படுதாவுக்குக் கீழே செருப்புகள் மட்டும் தெரியும். எந்தச் செருப்பு யாருடையது என்று எனக்கு அத்துப்படி. போகிற போக்கில், "என்ன மாமா, டீயில சர்க்கரை போதுமா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவேன். உள்ளே இருமுவார்கள். அந்த நான் போய் படுதாவுக்குப் பின்னால் உட்காருவதா?

முதல் நோன்பன்று காலையில் மனைவி டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதமும் முட்டைப் பொரியலும் வைத்து நீட்டினாள். அவள் நோன்பு. வாயில் எச்சில் கூட விழுங்க யோசிக்கிறவள் எனக்காகத் தாளித்துக் கொட்டியிருக்கிறாள். அவள் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? கடையில் சாப்பிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கடையிலோ ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கக் குடோனுக்குள் போய் டப்பாவைத் திறந்தால், பொரியல் வாசனை தெருவரைக்கும் போய்விடும் போலிருந்தது. மூடிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஆத்தூரிலிருந்து அறுப்புக்கு வந்திருந்த மெஷின் டிரைவர் ஒருவர் பெல்ட்டுக்கு வந்தார். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாளும் அவரே வந்தார். பெல்ட் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அக்கா கைக்குத் தங்க வளையல் போடணும் பாய்" என்றார், விரலை நக்கிக்கொண்டே.

இப்படியாக என் பிழைப்பு ஓடியது. நோன்பு இல்லை என்பதால் சஹருக்கு எழுவதில்லை; மற்றவர்கள் விடியுமுன் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள், நான் முந்தின ராத்திரிச் சோற்றோடு தூங்கிக்கொண்டிருப்பேன். பகலில் வெட்கத்தால் சாப்பிடுவதில்லை. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதால் மாத்திரையும் இல்லை. சாயங்காலம் பாங்கு சொன்னதும் ஊரோடு சேர்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கஞ்சியையும் வடையையும் ஒரு பிடி பிடிப்பேன். நோன்பு வைத்தவர்களை விட அதிக நேரம் பட்டினி கிடந்தேன், நோன்பு என்று மனதில் நிய்யத்து வைக்காததால் அது நோன்பும் இல்லை. இப்படி ஒரு கோணல் வேலையை எங்கள் ஊர்க்காரன் தவிர வேறு யாரும் செய்ய மாட்டான்.

படபடப்பு கூடத்தானே செய்யும்? கூடியது. தொழுகையில் நிற்கும்போது நெஞ்சு எகிறும். படி ஏறினால் கண் இருட்டும். மனைவிக்கோ டப்பா தினமும் கழுவினாற்போல் காலியாக வந்துகொண்டிருந்தது. அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா சாப்பிடுறாங்க டாக்டர். ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல. மாத்திரையும் போடுறேன்னுதான் சொல்றாங்க. ஆனாலும் கூடிக்கிட்டே போகுது."

மறுமுனையில் டாக்டர் சொன்னது எனக்கே கேட்டது. "நேரத்துக்குச் சாப்பிட்டும் கூடுதுன்னா வேற ஏதோ இருக்கும்மா. உடனே கூட்டிட்டு வாங்க. அட்மிட் பண்ணித்தான் பார்க்கணும்."

அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அவள் முசல்லா விரிப்பை விட்டு எழவே இல்லை. கை ஏந்தியபடி இருந்தாள். முக்காட்டுக்குள் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் பேரைச் சொல்லித்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இல்லாத நோய்க்கு இவள் அழுகிறாள், அந்த நோய்க்கு மருந்து ஆத்தூர் டிரைவர் வயிற்றில் இருக்கிறது. நாளைக்கு எப்படியாவது சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஊரில் இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டால் தஞ்சாவூர் சாலை. அந்தப் பக்கம் ஏதாவது ஒரு மரத்தடியில் என்னை யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாள் பைக்கில் டப்பாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கேட் போட்டிருந்தது. அங்கே கேட் போட்டால் தெரிந்தவர்கள் வண்டியை அணைத்துவிட்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. உச்சி வெயில். பக்கத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதில் எங்கள் பள்ளிவாசல் சார்.

அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். ரமலான் மாதம் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு அவர்தான் பொறுப்பு. மொபெட்டின் முன்னால் புதினாக் கட்டும் மல்லிக் கட்டும் அடுக்கியிருந்தது. இந்த வாசனையில் என் பொரியல் வாசனை அமுங்கிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"என்ன பாய், நோன்பும் அதுவுமா இந்த வெயில்ல எங்க கிளம்பிட்டீங்க?"

"தஞ்சாவூர் வரைக்கும் சார். பேரிங் வாங்கணும்."

"உங்களுக்கு இந்த வயசுலயும் என்ன தெம்பு பாருங்க! எங்க தெருவுல இளவட்டமெல்லாம் சுருண்டு கிடக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. நெஞ்சு எகிற ஆரம்பித்தது. வழக்கம்போல் அடங்கும் என்று கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடங்கவில்லை. காது அடைத்தது, கூட்ஸ் வண்டியின் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. வண்டியோடு சாய்ந்தேன். சார் பாய்ந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, சாத்தியிருந்த ஒரு கடையின் நிழலில் என்னை உட்கார வைத்தார். பிறகு கீழே கிடந்த டப்பாப் பையை எடுத்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார். மொபெட்டிலிருந்து குடையை எடுத்து விரித்து, சாலைக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார்.

"சாப்பிடுங்க" என்றார்.

"சார், ஊர்ல யாருகிட்டயும்..."

"நான் புதினா வாங்க வந்தேன். வேற எதையும் பார்க்கல."

சாப்பிட்டேன். முதல் வாய் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு மெதுவாக, டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். நெஞ்சு தடதடத்து, தயங்கி, பிறகு பாதைக்கு வந்தது. இதற்குள் கேட் திறந்தது. வண்டிகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு போயின. கேட் மறுபடி போட்டார்கள். சார் நகரவில்லை. நோன்பு பிடித்த மனிதர், உதடு வறண்டு வெளுத்திருந்தது, புதினா வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. நான் டப்பாவை மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் குடையை மடக்கினார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது என் நெஞ்சைப் பற்றி இல்லை.

"அப்ப என் எலுமிச்சம்பழச் சாதத்தையெல்லாம் யாரு சாப்பிட்டது?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையை வாயில் வைத்து விம்மினாள். "நான் உங்களுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு துடிச்சுக்கிட்டிருக்கேன், நீங்க ஊருக்குப் பயந்துக்கிட்டுப் பட்டினி கிடந்தீங்களா? ஊரா உங்களுக்கு மாத்திரை கொடுக்கப்போகுது?" இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் சமையலறைக் கதவைச் சாத்தி, எதிரிலேயே உட்கார்ந்து, நான் விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள். டாக்டரிடமும் அவளே நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பு போனைத் தாண்டிக் கேட்டது. பிறகு, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், குறையாவிட்டால் வாருங்கள் என்றாராம்.

குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை, அவ்வப்போது ஒரு துடிப்பு எட்டிப் பார்க்கும், போய்விடும். கண் இருட்டல் போயிற்று. கடையில் பழைய தெம்பு வந்தது. ஆனால் வெளியே நான் இன்னமும் நோன்பாளிதான். சாயங்காலம் கஞ்சிக் கொட்டகைக்குப் போனால் யாராவது, "பாயைப் பாருங்கப்பா, முகத்துல சோர்வு தெரியுதா?" என்பார்கள். காலையில் சாப்பிட்ட இட்லி வயிற்றில் கல்லாகக் கனக்கும். மெஷின் விஷயத்தில் என்னைப் புகழ்ந்தால் வாங்கிக்கொள்வேன், அது என் உழைப்பு. இந்தப் புகழ்ச்சி என்னுடையது இல்லை. அதைத் தினமும் சும்மா வாங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நோன்பு பாதி தாண்டிய ஒரு நாள். வழக்கமாகக் கஞ்சி காய்ச்சுகிறவர் மகள் பிரசவத்துக்கு வேதாரண்யம் போயிருந்தார். தெருவில் தையல்கடை வைத்திருக்கிறவரும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இன்னொருவரும் சேர்ந்து காய்ச்சினார்கள். ஆள் இறங்கிக் குளிக்கலாம், அவ்வளவு பெரிய தேக்சா. நொய்யும் பருப்பும் குழைந்து, கறி வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கப்போகிற நேரத்தில் சார் கேட்டார், "உப்பு போட்டாச்சா?"

"அவர் போட்டாரே" என்றார் வெளிநாட்டுக்காரர்.

"நானா? நீங்க போட்டீங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார் தையல்காரர்.

இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். போட்டிருந்து மறுபடி போட்டால் வாயில் வைக்க முடியாது. போடாமல் விட்டால் ஊரே திட்டும். வெளியே தூக்குவாளிகளோடு வரிசை நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெரு மட்டும் இல்லை, மேலத்தெரு, கடைத்தெருப் பக்கம், ரயிலடி என்று எல்லா ஜனமும் வாங்கிப்போகிற கஞ்சி அது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம் என்றார் ஒருவர். நோன்போடு எதற்கு அந்த வம்பு என்றார் இன்னொருவர்.

சாருடைய கண் ஒவ்வொருவராகத் தாண்டி என்னிடம் வந்தது. ஒரு கணம்தான். சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வரிசையில நோன்பு இல்லாதவங்க யாரையாவது கூப்பிடுங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

குடை பிடித்த அதே முதுகு. இந்தத் தடவையும் எனக்கு மறைப்புக் கட்டப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. போதும் என்று பட்டது.

"யாரையும் கூப்பிட வேணாம் சார்" என்றேன். "இங்க கொடுங்க. நான் பார்க்கிறேன்."

வெளிநாட்டுக்காரர், "பாய், நோன்பு..." என்று இழுத்தார்.

"எனக்கு இந்த வருஷம் நோன்பு இல்ல. முதல் நாள்லேர்ந்தே இல்ல. நெஞ்சு படபடப்பு. பசியோட இருந்தா கூடுது. டாக்டர் வேணாம்னுட்டாங்க, ஹஜ்ரத்தும் வேணாம்னுட்டாங்க."

என் குரல் நடுங்கவில்லை. நெஞ்சும் ஒழுங்காகவே அடித்தது. சார் அகப்பையால் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தேன்.

"உப்பே இல்ல" என்றேன்.

போட்டார்கள், கிளறினார்கள். மறுபடி டம்ளரில் ஊற்றினார்கள். குடித்தேன். இப்போது சரியாக இருந்தது. சரியாக என்றால் எப்படி? வெந்தயமும் இஞ்சியும் புதினாவும் தேங்காய்ப்பாலும் ஒன்று கூடி இறங்குகிறது. எத்தனையோ வருஷமாக அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன், இவ்வளவு நிம்மதியாகக் குடித்ததில்லை. டம்ளர் காலியானது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சார்" என்றேன். "பசிக்குது."

சார் ஊற்றினார். ஊற்றிவிட்டு அகப்பையைத் தேக்சாவில் வைக்கப் போனவர் நின்றார். என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை டம்ளரோடு நீண்டிருந்தது. தையல்காரருடைய கை. உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இவ்வளவு நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்த மனுஷன்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "சுகருக்கு ஊசி போட்டுக்கிறேன் சார். போன வருஷமும் நோன்பு இல்ல, இந்த வருஷமும் இல்ல."

நான் அடுப்போரத்தில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.